ராக்கு வெறுங்கையோட போன கதை

சரி, கோடு போட்டாச்சு. கதவு நிலையில, உன் உச்சந்தலைக்கு நேரா, பென்சில்ல. இப்ப வந்து படு. கிளாஸ்ல குள்ளச்சி குள்ளச்சின்னு கூப்பிட்டாங்கன்னு எம்புட்டு நேரம்தான் மூக்கை உறிஞ்சுவே? மூஞ்சியைத் துடை மகிழு. அத்தை கதை சொல்றேன். ஆனா ஒண்ணு, நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஊத்து. அந்த ஊத்து மேல ஒரு பூதம்.

"ஊத்து மேலயா?"

ஆமா, மேலதான். கேளு. அது கடலோர ஊரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி. ஆனா ஒரு வாய் குடிக்க முடியாது, அம்புட்டும் உப்பு. நல்ல தண்ணின்னா அந்த ஊருக்கே அந்த ஒரு ஊத்துதான். மணல்மேட்டுக்குக் கீழ இருந்து குபுகுபு குபுகுபுன்னு வரும். இளநி மாதிரி இருக்கும். அப்போ ஒருநாள், எங்கிருந்தோ ஒரு பூதம் தொம்... தொம்... தொம்முன்னு நடந்து வந்துச்சு. ஊத்தைப் பாத்துச்சு. "அப்பாடா, குளுகுளுன்னு இருக்கே"ன்னு சொல்லி அது மேலயே சப்புன்னு உக்காந்துருச்சு. உக்காந்ததுதான். அப்புறம் எந்திரிக்கவே இல்ல.

"எம்புட்டுப் பெருசு பூதம்?"

உங்க ஸ்கூல் பக்கத்துல தண்ணி டேங்க் இருக்குல்ல, அதுக்குக் கையும் காலும் தொந்தியும் வச்சா எப்படி இருக்கும்? அம்புட்டுப் பெருசு. ஊரே கூடி வந்து கயிறு கட்டி இழுத்துச்சு. பூதம் அசையல. மாடு பூட்டி இழுத்தாங்க. மாடுதான் களைச்சுப் படுத்துச்சு. காதுகிட்ட போயி தமுக்கு அடிச்சாங்க, டமுடமு டமுடமுன்னு. பூதம் சுண்டுவிரலால காதைக் குடைஞ்சுக்கிட்டு, "யாரோ தாலாட்டுப் பாடுறாங்க"ன்னு சொல்லிச்சு.

அப்புறம் அதுவே ஒரு வழி சொல்லிச்சு. "என்னை எழுப்பணுமா? மூணு போட்டி வைப்பேன். மூணுலயும் ஜெயிச்சா எந்திரிப்பேன். ஒண்ணுல தோத்தாலும் எனக்கு விசிறி வீசணும், ஆயுசு பூரா. போட்டி பொழுது சாயும்போது ஆரம்பிக்கும். பகல்ல நான் தூங்கணும். வர்றவங்க கையில கத்தி கூடாது, கம்பு கூடாது, தாயத்து கூடாது. உடம்பை மட்டும்தான் கொண்டு வரணும்."

உடம்பை மட்டும். அதை நல்லா ஞாபகம் வச்சுக்கோ.

"ம்."

அப்போ ஒவ்வொருத்தரா போனாங்க. மல்யுத்தக்காரரு தொடையைத் தட்டிக்கிட்டுப் போனாரு. திரும்பி வரல. பனைமரம் ஏறுறவரு போனாரு, அவரும் வரல. போனவங்க எல்லாம் பூதத்துக்குப் பின்னாடி வரிசையா நின்னு, பனையோலை விசிறியால விசுக்கு விசுக்குன்னு வீசிக்கிட்டே இருந்தாங்க. ஊர்ல குடங்குடமா தாகம். அப்போதான் ஒருநாள் சாயங்காலம் வேலாயின்னு ஒரு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கிளம்பினா. "எம் பொண்ணுக்கு நாக்கு வறண்டு போச்சு. இனி வீட்ல குந்திக்கிட்டு இருக்க முடியாது"ன்னு சொல்லிட்டுப் போனா.

அவளும் வரல.

அந்த வேலாயியோட பொண்ணுதான் நம்ம ராக்கு.

"அவ அம்மாவா? பூதம் பிடிச்சு வச்சுக்கிச்சா?"

பிடிச்சு வச்சுக்கிச்சு. ராக்கு இருக்காளே, ஈர்க்குச்சி மாதிரி இருப்பா. கடல்ல பாசி எடுக்கப் போற பொண்ணுங்கள்ல அவதான் ரொம்பக் குட்டி. பாசி எடுக்கிறதுன்னா, இடுப்பளவு தண்ணியில இறங்கி, பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கிற பாசியைப் பிச்சு எடுக்கணும். பாறை கையைக் கிழிச்சுரும்ல, அதுக்காக அந்த ஊர்ல எல்லாரும் விரலுக்கு விரல் பழந்துணியைச் சுத்திக்கிட்டுத்தான் இறங்குவாங்க. நாள் பூரா தண்ணியில கிடந்தா விரல் என்ன ஆகும்?

"சுருங்கிரும். எனக்கும் குளிச்சா சுருங்குமே."

அதேதான். காய்ஞ்ச திராட்சை மாதிரி சுருங்கிரும். கரைக்கு வந்ததும் அவங்க செய்யற முதல் வேலை, துணியை அவிழ்த்துட்டு நெருப்பு மூட்டி விரலைக் காட்டறது. சுருக்கம் போனப்புறம்தான் ஒரு சட்டி பானையைத் தொடுவாங்க. சுருங்கின விரல் சொத்தை விரல், அதுல ஒரு சாமான் நிக்காதுன்னு அந்த ஊர்ல ஒரு நினைப்பு. யார் முதல்ல சொன்னாங்கன்னு தெரியாது. யாரும் சோதிச்சுப் பாத்ததும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். ராக்கு வீட்டு நடுவுல கஞ்சிப் பானை வைக்கிற உறி ஒண்ணு தொங்கும். காலையில எந்திரிச்சு அதுக்குக் கீழ நடந்தா, பானை அவ உச்சந்தலையில டொக்குன்னு இடிக்கும். சாயங்காலம் அதே இடத்துல நடந்தா இடிக்காது. "உறி ஏறி ஏறி இறங்குதும்மா"ன்னு சொல்லுவா. "உறிக்கு என்னடி காலா இருக்கு? நீதான் தூங்கி வழிஞ்சுக்கிட்டு நடக்கிறே"ன்னு வேலாயி சிரிப்பா.

அம்மா போனதுக்கு அப்புறம் பானையில கஞ்சியும் இல்ல, தண்ணியும் இல்ல. சும்மா தொங்கிச்சு. ஆனா காலையில... டொக்! சாயங்காலம் ஒண்ணுமில்ல. ராக்கு நின்னு அந்தக் காலிப் பானையைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. "எங்கம்மாவை நான் கூட்டிட்டு வரேன்"ன்னு பானைகிட்ட சொன்னா. வேற யாருகிட்ட சொல்லுவா?

"ம்."

அப்புறம் ராக்கு, விரல்ல பாசிக்குச் சுத்தின துணியைக்கூட அவிழ்க்காம, மணல்மேடு ஏறினா. பொழுது சாயுது. பூதத்துக்குப் பின்னாடி விசிறி வரிசை. வரிசையோட கடைசியில அவ அம்மா. ராக்குவைப் பாத்ததும் வேலாயி "அடியே, போயிரு!"ன்னு வாயைத் திறந்தா. பூதம் திரும்பி, "பேசினா விசிறி ரெண்டு"ன்னு உறுமிச்சு. வேலாயி வாயை மூடிக்கிட்டா. கண்ணு மட்டும் பேசிச்சு.

"யாருடி நீ, சுள்ளி?"

"நான் ராக்கு, பூத மாமா. எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"மாமாவா!" பூதத்தை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "கையில என்ன?"

"வெறுங்கை மாமா."

"சரி, முதல் போட்டி. அந்தப் பூவரச மரத்துல மணி தொங்குது பாரு. அதுக்கு நேர் கீழ நில்லு. உன் தலை மணியில படணும். குதிக்கக் கூடாது, எக்கக் கூடாது."

அந்த மணியில இருக்கிற திருட்டுத்தனம் என்னன்னா, பூதம் ஆளைப் பாத்து மணியை ஏத்தும். நெட்டையா வந்தா உயர ஏத்தும், குட்டையா வந்தா கொஞ்சமா ஏத்தும். எப்பவும் தலைக்கு ஒரு நெல்லு மேலதான் நிக்கும். எல்லாரும் தோத்தது அங்கதான். ராக்கு போயி நின்னா. முதுகை விறைச்சுக்கிட்டு நின்னா. கழுத்தை நீட்டினா. மணி தொடல. இதோ, இதோ... தொடல.

"தோத்தே!"ன்னு பூதம் விசிறியை எடுத்து நீட்டுச்சு.

ராக்கு விசிறியை வாங்கல. மணியைப் பாத்தா. தலைக்கு மேல தொங்குற மணி. தலைக்கு மேல தொங்குற பானை. பானை காலி, கனமே இல்ல. காலிப் பானை எப்படிக் காலையில இறங்கி சாயங்காலம் ஏறும்? உறி இறங்கவே இல்ல. அப்போ... யார் ஏறினது?

"நில்லுங்க மாமா! போட்டி பொழுது சாயும்போது ஆரம்பிக்கும்னுதான சொன்னீங்க? எப்ப முடியும்னு சொல்லலியே?"

பூதம் தலையைச் சொறிஞ்சுது. சொறிஞ்சதுல நாலு காக்கா பறந்து போச்சு. "சொல்லலதான்."

"அப்போ விடியட்டும். விடிஞ்சதும் நிக்கிறேன்."

"ஹோ ஹோ ஹோ! ஒரு ராத்திரியில வளந்துருவியா? போ, தூங்கு. விடிஞ்சா விசிறி."

ராக்கு மணல்ல நீட்டிப் படுத்தா. பயமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத் தூங்கினா. கிழக்க வெளுத்துச்சு. எந்திரிச்சா. நேரா போயி மணிக்குக் கீழ நின்னா. குதிக்கல, எக்கல.

டிங்!

"ஆ!"

நீ எதுக்குடி எந்திரிக்கிறே, படு. பூதமும் அப்படித்தான் "ஆ!"ன்னு வாயைப் பொளந்துச்சு. ராக்குவை மேலயும் கீழயும் பாத்துச்சு. "என்னத்தை ஒளிச்சுக் கொண்டு வந்தே?"

"ஒண்ணுமில்ல மாமா. வெறுங்கை."

"அத்தை, நெசமாவே காலையில உயரமா இருப்போமா?"

நெசமாத்தான் கண்ணு. முதுகைத் தடவிப் பாரு, நடுவுல புடைப்பு புடைப்பா இருக்கா? முதுகெலும்பு ஒரே எலும்பு இல்ல, குட்டிக் குட்டி எலும்பா அடுக்கி வச்சிருக்கு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல ஈரமா ஒரு குட்டி மெத்தை. பகல் பூரா நின்னு, நடந்து, பை தூக்கி, அந்த மெத்தையெல்லாம் அழுங்கிப் போகும். படுத்துத் தூங்கினா மறுபடி உப்பிக்கும். அதான் காலையில கொஞ்சம் உயரம். கொஞ்சம்னா கொஞ்சந்தான், பாதி விரல் அகலம் இருக்கும்.

"அப்ப சாயங்காலம் மறுபடி குள்ளமா?"

சாயங்காலம் மறுபடி அழுங்கும். அத்தை உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். கதையைக் கேளு.

"ம்."

ரெண்டாவது போட்டி. பூதம் ஒரு கல் தொட்டியை இழுத்துப் போட்டுச்சு, கரகரகரன்னு. உள்ள தண்ணி. தண்ணிக்குள்ள முட்டை மாதிரி ஒரு கூழாங்கல்லு. பூதம் வருசக்கணக்கா மிட்டாய் மாதிரி சப்பிச் சப்பி அதை வழவழ வழவழன்னு ஆக்கி வச்சிருந்துச்சு.

"உவ்வே!"

உவ்வேதான். "ரெண்டே விரலால இதைத் தண்ணியில இருந்து எடு. மரத்தை ஒரு சுத்து சுத்தி வந்து மறுபடி தொட்டியில போடு. கீழ விழக் கூடாது. மூணு தடவை தரேன். ஆமா, விரல்ல என்ன துணி?"

"பாசி எடுக்கிறவங்க சுத்திக்கிறது மாமா."

"உடம்பு மட்டும்னு சொன்னேன்ல? அவிழு."

ராக்குவுக்கு அழுகையே வந்துச்சு. அந்தத் துணி இருந்தா ஈரக் கல்லு என்ன, விலாங்கு மீனையே பிடிச்சுருவா. துணி இல்லாம என்ன செய்வா? அவிழ்த்தா. விரலு காய்ஞ்சு நல்லா மழமழன்னு இருந்துச்சு. "நல்லவேளை, சுருக்கம் இல்ல"ன்னு நினைச்சுக்கிட்டா. கல்லை எடுத்தா. ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள, சளுக்... தொப்!

"ஒண்ணு!"

கல்லை எடுத்துத் தொட்டியில போட்டா. கையை மண்ணுல தேய்ச்சா, பாவாடையில துடைச்சா, ஊதி ஊதிக் காய வச்சா. எடுத்தா. பாதி மரம் சுத்தினா. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாக்குறாங்க. சளுக்... தொப்!

"ரெண்டு! இன்னும் ஒண்ணுதான் சுள்ளி. அவசரம் இல்ல, யோசிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு பூதம் ஒரு கொட்டாவி விட்டு, உக்காந்தபடியே கொர்ர்ர்ன்னு ஒரு தூக்கம் போட்டுச்சு.

ராக்கு கல்லைத் தொட்டியில போட்டுட்டு, அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே கையைத் தண்ணிக்குள்ள வச்சு உக்காந்துட்டா. எடுத்தா நழுவிருமேன்னு பயம். அம்மாவைப் பாக்குறா. அம்மா விசுக்கு விசுக்குன்னு வீசுறா, தோள் வலிச்சுக் கை மாத்துறா, மறுபடி வீசுறா. ராக்கு அப்படியே உக்காந்திருந்தா. வெயில் ஏறிச்சு. நிழல் நகர்ந்துச்சு.

அப்போ பூதம் முழிச்சுக்கிச்சு. "போதும், எடு!"

ராக்கு விரலைப் பாத்தா. அய்யோ! காய்ஞ்ச திராட்சை! சொத்தை விரல்! "மாமா, கொஞ்சம் நெருப்பு மூட்டிக்கட்டுமா? விரலைக் காய வச்சுட்டு..."

"நெருப்பு என்ன உன் உடம்புலயா இருக்கு? எடுடி!"

பின்னாடி விசிறி வீசுறவங்க எல்லாம் "போச்சு, போச்சு"ன்னு தலையில கை வச்சாங்க. ராக்கு பல்லைக் கடிச்சுக்கிட்டு, அந்தச் சுருங்கின ரெண்டு விரலால கல்லைப் பிடிச்சா.

கப்!

ஒரு எட்டு வச்சா. நிக்குது. ரெண்டு எட்டு. நிக்குது. மரத்தைச் சுத்தினா, வேர் தடுக்கி ஒரு ஆட்டம் ஆடினா, அப்பவும் நிக்குது! திரும்பி வந்து, தொட்டிக்கு மேல கையை நீட்டி, பூதத்தோட மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு, பொளக்குன்னு உள்ள போட்டா.

விசிறி வரிசையில யாரோ விசில் அடிச்சாங்க. யாருன்னு பூதத்தால கண்டுபிடிக்க முடியல.

"எப்படி அத்தை நின்னுச்சு?"

உங்கப்பா வண்டி டயரைப் பாத்திருக்கியா? அதுல கோடு கோடா பள்ளம் இருக்கும். மழையில அந்தப் பள்ளம் வழியா தண்ணி ஒதுங்கிப் போகும், சக்கரம் ரோட்டைப் பிடிச்சுக்கும். சுருங்கின விரலும் அந்த மாதிரிதான்னு இதை ஆராய்ச்சி பண்ணினவங்க நினைக்கிறாங்க. ஈரமான சாமானைச் சுருங்கின விரல் நல்லாப் பிடிக்குது. தோல் சும்மா ஊறிப்போய் அப்படி ஆகறது இல்ல மகிழு. தண்ணியில ரொம்ப நேரம் இருக்கேன்னு தெரிஞ்சதும் நரம்பு உள்ள இருந்து விரலைச் சுருக்கி விடுது. அந்த ஊர்க்காரங்க அது தெரியாம, தினமும் நெருப்புல காட்டிக் காட்டி அதைப் போக்கிக்கிட்டு இருந்திருக்காங்க.

"லூசுங்க."

ஏய், அப்படிச் சொல்லாதே. நாமளும் அந்த மாதிரி எத்தனையோ நம்பிக்கிட்டுத்தான் இருக்கோம்.

"ம்."

பூதத்துக்கு இப்ப சந்தேகம் வந்துருச்சு. "என்னத்தைடி ஒளிச்சுக் கொண்டு வந்தே? வாயைத் திற. காதைக் காட்டு."

"ஒண்ணுமில்ல மாமா. வெறுங்கை."

"மூணாவது போட்டி! இதுல ஜெயிச்ச ஆளு பூமியிலயே கிடையாது. நான் உனக்குக் கிச்சுகிச்சு மூட்டுவேன். மூணு இடத்துல. நீ சிரிக்கக் கூடாது. என் கையைத் தள்ளவும் கூடாது."

அய்யய்யோ. ராக்குவுக்குக் கூச்சம்னா கூச்சம், ஊர்க்கூச்சம். தூரத்துல நின்னு விரலை ஆட்டினாலே நெளிவா. இது வேலாயிக்குத்தான் நல்லாத் தெரியும். ராக்கு உள்ளங்கால்ல கடல் முள்ளு ஏறிச்சுன்னா, எடுக்க விடமாட்டா. வலியில இல்ல, கூச்சத்துல! காலைத் தொட்டாலே கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு உதைப்பா. அதுக்கு வேலாயி ஒரு வழி வச்சிருந்தா. "எங்கை மேல உங்கையை வச்சுக்கோடி"ன்னு சொல்லுவா. அம்மா கை மேல தன் கையை வச்சுக்கிட்டா, கை எங்க போகுதுன்னு ராக்குவுக்கே தெரியும். கூச்சம் அடங்கிரும். முள்ளும் வந்துரும்.

வேலாயி இப்ப கண்ணை மூடிக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு விசிறி வீசுறா. பூதம் உக்காந்தபடியே வாழைத்தார் மாதிரி ஒரு விரலை நீட்டுது. ராக்கு உள்ளங்காலைப் பாத்துக்கிட்டா. முள்ளு ஞாபகம் வந்துச்சு.

"மாமா, பயமா இருக்கு. உங்க கை மேல என் கையை வச்சுக்கட்டுமா? தள்ள மாட்டேன். சும்மா வச்சுக்கிறேன்."

பூதத்துக்கு அதுல ஒரு சந்தோசம். "பயமா? ஹோ ஹோ! வச்சுக்கோ, வச்சுக்கோ."

உள்ளங்கால்ல வந்துச்சு பூதத்து விரலு. கிச்சு கிச்சு கிச்சு. ராக்குவோட கையும் அது மேலயே போச்சு. அது போற பக்கம் இதுவும் போச்சு. ராக்கு சிரிக்கல. விலாவுல வந்துச்சு. கிச்சு கிச்சு கிச்சு. கொஞ்சம் கூசிச்சு, இல்லேங்கல, கண்ணுல தண்ணி நின்னுச்சு. ஆனா சிரிக்கல. கடைசியா அக்குள். கிச்சு கிச்சு கிச்சு கிச்சு கிச்சு! ராக்கு மூஞ்சியை அய்யனார் சிலை மாதிரி வச்சுக்கிட்டு, "ஆச்சா மாமா?"ன்னு கேட்டா.

விசிறியெல்லாம் மேல பறந்துச்சு! "ஜெயிச்சுட்டா! ஜெயிச்சுட்டா!" மல்யுத்தக்காரரு தொடையைத் தட்டினாரு, பனையேறி குதிச்சாரு. வேலாயி ஓடி வந்தா.

"நில்லுங்க எல்லாரும்!"ன்னு பூதம் ஒரு அதட்டு அதட்டுச்சு. அப்புறம் ராக்குவைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டுச்சு. "ஜெயிச்சா எந்திரிப்பேன்னுதான சொன்னேன்? எப்ப எந்திரிப்பேன்னு சொல்லலியே?"

"போங்காட்டம்!"

போங்காட்டம்தான். ஆனா யாரு பேச்சு அது? ராக்கு முதல் நாள் பேசின பேச்சு. அதையே திருப்பி விட்டுருச்சு. வேலாயி பாதி வழியில நின்னுட்டா. எல்லாரும் கீழ குனிஞ்சு விசிறியைத் தேடினாங்க. ராக்கு மூணும் ஜெயிச்சும் அம்மா அங்கயே, ஊத்து பூதத்துக்கு அடியிலயே. இனி என்ன செய்வா?

அவ பூதத்தையே பாத்தா. பெரிய தொந்தி. பெரிய பெரிய உள்ளங்கால். அதுல மண்ணு. ஒரு சின்ன கேள்வி கேட்டா.

"மாமா, நான் சிரிக்கல. நீங்க சிரிப்பீங்களா, கிச்சுகிச்சு மூட்டினா?"

"நானா? எனக்கெல்லாம் கூச்சமே கிடையாது."

"எப்படித் தெரியும்?"

"நானே எனக்கு மூட்டிப் பாத்திருக்கேனே. எத்தனையோ வருசமா தனியாத்தான இருக்கேன். பொழுது போகலேன்னா அக்குள்ல மூட்டுவேன், உள்ளங்கால்ல மூட்டுவேன். ஒரு சிரிப்பும் வராது. பாரு." பூதம் தன் தொந்தியில தானே கிச்சு கிச்சு கிச்சுன்னு மூட்டிக்கிச்சு. கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சு. "பாத்தியா? என் உடம்பு இரும்பு."

நீயும் மூட்டிப் பாரேன் மகிழு, உனக்கு நீயே.

"கிச்சு கிச்சு... வரல அத்தை."

வராது. யாருக்குமே வராது. உன் கை எங்க போகுதுன்னு உன் மூளைக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச கைக்கு அது கூச மாட்டேங்குது. ராக்குவுக்கு மூளை கீளையெல்லாம் தெரியாது. ஆனா அம்மா கை மேல கை வச்ச பொண்ணுல்ல? சட்டுன்னு புரிஞ்சு போச்சு. பாவம், இந்தப் பூதத்துக்குக் கிச்சுகிச்சு மூட்ட இதுவரைக்கும் ஒரு ஆளுகூட இருந்ததில்ல!

"அப்போ நான் மூட்டிப் பாக்கட்டுமா மாமா? இரும்புக்கு என்ன ஆகப் போகுது?"

"மூட்டிக்கோ. அலுக்கிற வரைக்கும் மூட்டிக்கோ"ன்னு சொல்லி பூதம் காலை நீட்டுச்சு.

ராக்கு போனா. அவ விரலு இன்னும் சுருக்கம் போகாம சொரசொரன்னு இருந்துச்சு. ஒரே ஒரு விரலு. பூதத்து உள்ளங்கால் நடுவுல. கிச்சு.

"ஹிக்!"ன்னு பூதம் துள்ளுச்சு. "என்னது அது?"

கிச்சு கிச்சு.

"ஹிஹி... ஏய்... ஹிஹிஹி... இரு, இரு..."

கிச்சு கிச்சு கிச்சு கிச்சு!

"ஹா ஹா ஹா ஹா ஹா! அய்யோ! ஹோ ஹோ ஹோ! விடுடி, இல்ல விடாதே, அய்யோ ஹா ஹா ஹா!" பூதம் இப்படி நெளியுது, அப்படி நெளியுது. தொந்தி குலுங்குது, மணல்மேடு குலுங்குது, மரத்துல மணி டிங்கு டிங்கு டிங்குன்னு தானா அடிக்குது. ராக்கு காலை விட்டு விலாவுக்கு ஓடினா. "எல்லாரும் வாங்க!"ன்னு கத்தினா. மல்யுத்தக்காரரு ஒரு அக்குள், பனையேறி ஒரு அக்குள், வேலாயி கழுத்துல. கிச்சு கிச்சு கிச்சு கிச்சு! பூதம் சிரிச்சுச் சிரிச்சு, ஒருக்களிச்சு, புரண்டு, உருண்டு, கடகட கடகட கடகடன்னு மேட்டுல இருந்து உருண்டு போயி, கடல்ல, தொபீர்!

அப்போ ஊத்து...

"குபுக்!"

குபுக்! குபுகுபு குபுகுபுன்னு பீச்சி அடிச்சுச்சு, பனைமர உயரத்துக்கு. எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டு அண்ணாந்து நின்னாங்க. வேலாயி ராக்குவைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டா. ஊர்ல இருந்து தமுக்கு, குலவை, குடம், அண்டா, எல்லாம் ஓடி வந்துச்சு. "நம்ம சுள்ளிடா! நம்ம ராக்குடா!"ன்னு ஊரே ஆடிச்சு.

பூதம் கடல்ல இருந்து தலையை மட்டும் நீட்டுச்சு. கண்ணெல்லாம் சிரிச்ச தண்ணி. "சுள்ளி, நெசத்தைச் சொல்லு. என்னத்தை ஒளிச்சுக் கொண்டு வந்தே?"

ராக்கு தோள் மேல இருந்தபடியே ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா. "எதையும் ஒளிக்கல மாமா. எல்லாம் உடம்போட வந்தது. உங்களுக்கும் இருக்கு."

பூதம் காலைத் தண்ணிக்கு மேல நீட்டுச்சு. அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு, "இன்னொரு தடவை மூட்டுவியா?"ன்னு கேட்டுச்சு.

"ஊத்து மேல உக்காராம இருந்தா தினமும் மூட்டுவோம்."

அன்னையில இருந்து பூதம் கடல் பாறையில உக்காந்து, புள்ளைங்க எப்ப வரும்னு காலை நீட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்குமாம். அந்த ஊர்ல ஈர விரலை யாரும் நெருப்புல காட்டுறதும் இல்லியாம்.

"ராக்கு... வீட்டுக்குப் போனாளா?"

போனா. அம்மா உறிப் பானையில வாய் வரைக்கும் நல்ல தண்ணி ஊத்தி வச்சா. ராக்கு அம்மா பக்கத்துல படுத்துத் தூங்கினா. காலையில எந்திரிச்சு நடந்தா... டொக்! தலையெல்லாம் தண்ணி. வேலாயி சிரிச்சுக்கிட்டே முந்தானையால துடைச்சுவிட்டுச் சொன்னா, "உறி இறங்கலடி. நீதான் ஏறியிருக்கே."

"ம்..."

பூதம் பொய் கண்ணு. மணியும் தொட்டியும்கூட நான் சும்மா சொன்னது. ஆனா முதுகுல இருக்கிற குட்டி மெத்தை பொய் இல்ல. சுருங்குற விரல் பொய் இல்ல, தன் கைக்கு மட்டும் வராத கூச்சமும் பொய் இல்ல. அதெல்லாம் இதோ, இந்தப் போர்வைக்குள்ள இருக்கு. குள்ளச்சின்னு சொல்றவங்களுக்கும் அதேதான் இருக்கு, நாளைக்கு அவங்ககிட்டயும் சொல்லு.

"..."

மகிழு?

"...ம்."

காலையில எந்திரிச்சதும் வேற எங்கயும் ஓடாதே. நேரா கதவு நிலைக்குப் போயி நில்லு. பென்சில் கோடு எங்க இருக்கு, உன் தலை எங்க இருக்குன்னு பாப்போம்.

ராக்கு ஊத்துல தண்ணி வந்தாச்சு, உன் கண்ணுல தூக்கம் வந்தாச்சு. கதை கரையேறிருச்சு. நீ படுத்து வளரு.